மார்கேட் டிரீம்லேண்ட்: ஒரு கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவை மீட்ட பன்னிரண்டு ஆண்டுகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் கவுண்டியின் கடலோர நகரமான மார்கேட்டில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவந்த டிரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்கா மூடப்படும் என்று அதன் உரிமையாளர் ஜிம்மி கோடன் 2003 ஜனவரியில் அறிவித்தார். பூங்கா இருந்த நிலம் கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்தது; ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கடை வளாகமோ அடுக்குமாடிக் குடியிருப்போ கட்ட நினைப்பவருக்கு அந்த நகரில் அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அறிவிப்பு வந்த அதே மாதத்தில் ‘டிரீம்லேண்டைக் காப்போம்’ என்ற இயக்கம் தொடங்கியது. பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது 2015 ஜூன் 19 அன்று.

இத்தகைய இயக்கங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மக்களின் நினைவுகளையும் பற்றையும் முன்னிறுத்துகிறார்கள். மார்கேட்டின் கதையை அப்படிப் படித்தால் முக்கியமானது தவறிப்போகும் என்பது என் கருத்து. மக்களின் பற்று எல்லாக் கடற்கரைப் பூங்காக்களுக்கும் இருந்தது. மோர்கம்பின் ஃபிரான்டியர்லேண்ட், ஃபோக்ஸ்டனின் ரோட்டுண்டா, வேல்ஸில் ரில் நகரின் ஓஷன் பீச் ஆகியவை ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக் காலத்துக்குள் மூடப்பட்டன. 2006இல் மூடப்பட்ட சவுத்போர்ட்டின் பிளஷர்லேண்ட் மட்டும் பிறகு வேறொருவர் கையில் புதிதாகத் தொடங்கியது. மார்கேட் இயக்கத்தினர் செய்த வேறுபாடு, தங்கள் பற்றை நிலப்பயன்பாட்டுச் சட்டத்துக்குப் புரியும் வாதமாக மாற்றியதுதான். அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அது எதைக் காத்தது, எதைக் காக்க இயலாமல் போனது என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

பூங்காவும் அதன் மர இருப்புப்பாதையும்

லண்டன்வாசிகள் கடலில் குளிக்க வந்து தங்கும் ஊராக மார்கேட் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்றிருந்தது. டிரீம்லேண்ட் இருக்கும் இடம் 1860களில் ஒரு ரயில் நிறுவனம் நிலையத்துக்காகக் கட்டிப் பயன்படுத்தாமல் விட்ட இடமாகும். பயணிகள் ஏறாத அந்த நிலையம் நடன அரங்காகவும் உணவு விடுதியாகவும் மாறியது. 1870களில் சர்க்கஸ் உரிமையாளர் ஜார்ஜ் சாங்கர் அதை எடுத்துக்கொண்டு, பின்புறத்தில் பூந்தோட்டமும் விலங்குக் காட்சியகமும் அமைத்தார். அந்த விலங்குக் கூண்டுகளின் மதில்களும் சுவர்களும் இன்றும் எஞ்சியுள்ளன. 2009இல் அவை பாரம்பரியக் கட்டுமானங்களாகப் பட்டியலிடப்பட்டன.

முதல் உலகப்போர் முடிந்ததும் ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பவர் இடத்தை வாங்கி, 1920இல் டிரீம்லேண்ட் என்ற பெயரில் திறந்தார். அமெரிக்காவின் கோனி தீவில் 1884இல் லாமார்கஸ் தாம்சன் தொடங்கிவைத்த மர ரோலர் கோஸ்டர் மரபைச் சேர்ந்த ‘சீனிக் ரயில்வே’தான் அவருடைய பூங்காவின் மையம். இதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னாளைய சட்டப் போராட்டம் முழுவதும் இந்த ஒரு கட்டமைப்பைச் சுற்றியே நடந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மரப்பாதை. சுமார் 12 மீட்டர் உயரம். வண்டித்தொடரை மேலே இழுக்கக் கம்பிவடம். இக்கால ரோலர் கோஸ்டர்களில் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைக் கவ்வி வண்டியைப் பிடித்துவைக்கும் சக்கரங்கள் உண்டு. சீனிக் ரயில்வேயில் அவை கிடையாது. ஆகவே வண்டி அளவுக்கு மீறிய வேகம் எடுத்தால் பாதையைவிட்டு எழும்பிவிடும். அதைத் தடுக்கப் பயணிகளோடு ஒரு பிரேக்மேன் வண்டியிலேயே நின்று, எந்த இறக்கத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்து வேகத்தைக் கட்டுப்படுத்திவந்தார். இப்படிப் பிரேக்மேனுடன் ஓடும் பழைய ரோலர் கோஸ்டர்களை உலகில் விரல்விட்டு எண்ணிவிடலாம்: மெல்பர்ன் லூனா பார்க்கில் 1912ஆம் ஆண்டினது, கோபன்ஹேகன் டிவோலியில் 1914ஆம் ஆண்டினது, பிரிட்டனிலேயே கிரேட் யார்மத்தில் 1932ஆம் ஆண்டினது. பிரிட்டனில் எஞ்சியவற்றுள் மார்கேட்டினதே மிகப் பழையது.

பூங்காவின் முகப்பில் 1935இல் மீனின் துடுப்பு போன்ற உயர்ந்த கோபுரத்துடன் டிரீம்லேண்ட் திரையரங்கம் எழுந்தது. ஐல்ஸ் குடும்பத்தின் கையிலிருந்து 1968இல் விற்கப்பட்ட பூங்கா, 1980களில் டச்சுக்காரர்களான பெம்பம் சகோதரர்களின் பெயரில் இயங்கி, 1990களின் நடுவில் கோடனிடம் வந்து சேர்ந்தது.

உரிமையாளரின் நியாயம்

மூடும் முடிவைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. மலிவான விமானப் பயணம் பிரிட்டிஷ் குடும்பங்களை ஸ்பெயின் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடலோரப் பூங்கா கோடையில் சில மாதங்கள் மட்டுமே சம்பாதிக்கும். மர ரோலர் கோஸ்டரோ குளிர்காலத்திலும் உப்புக்காற்றிலும் மழையிலும் நின்று, ஆண்டுதோறும் தச்சர்களைக் கேட்கும். ஒரு நிலத்தில் ராட்டினம் சுற்றிக் கிடைக்கும் வருமானத்தையும் அதே நிலத்தைக் கட்டுமானத்துக்கு விற்றால் கிடைக்கக்கூடிய தொகையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எந்தத் தொழில்முனைவோரும் கணக்குப் போடத்தான் செய்வார்.

அந்தக் கணக்கின் இரண்டாவது பகுதியை, அதாவது கட்டுமானத்துக்கு விற்றால் கிடைக்கக்கூடிய தொகையை, இயக்கம் குறிவைத்தது. நிலத்தின் சந்தை விலை என்பது அங்கே என்ன கட்ட அனுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பின் விலை. அந்த எதிர்பார்ப்பு சுருங்கினால் விலையும் சுருங்கும். விலை சுருங்கினால் பூங்காவாகவே வைத்திருப்பது நட்டமான முடிவாகத் தோன்றாது. இயக்கத்தை முன்னின்று நடத்திய நிக் லெய்ஸ்டர், நகரமைப்பு அனுமதித் துறையில் ஆலோசகராகத் தொழில் செய்பவர் என்பது இங்கே தற்செயலான விவரம் அல்ல. அந்த அனுபவம் இல்லாத ஊர்களில் கையெழுத்து இயக்கமும் ஊர்வலமும் நடந்தன, செய்தித்தாளில் படம் வந்தது, பூங்கா போனது.

இடிக்க முடியாத ஒன்று

இயக்கம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, 2002இல், சீனிக் ரயில்வே இரண்டாம் தரப் பாரம்பரியக் கட்டுமானமாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. பிரிட்டனில் ஒரு ரோலர் கோஸ்டருக்கு இத்தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. இங்கிலாந்துச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட கட்டுமானத்தை உரிய ஒப்புதலின்றி இடிப்பதும், அதன் தன்மை கெடும்படி மாற்றுவதும் குற்றவியல் குற்றங்கள். அரண்மனைக்கும் மாதா கோயிலுக்கும் பொருந்தும் அதே விதி இந்த மரப்பாதைக்கும் பொருந்தியது. அதோடு, பட்டியலிடப்பட்ட ஒன்றின் சுற்றுப்புற அமைப்பையும் கருதித்தான் அருகில் எழும் கட்டடத்துக்கு அனுமதி வழங்க வேண்டும்.

இதன் நடைமுறை விளைவைக் கட்டுநரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். நிலத்தில் ஒரு பழைய மாளிகை இருந்தால் அதை விடுதியாகவோ அலுவலகமாகவோ மாற்றிச் சுற்றிலும் வீடு கட்டிவிடலாம். ஒரு கிலோமீட்டர் மரப்பாதையை வேறெதுவாகவும் மாற்ற முடியாது. அது ஓடினால் சத்தம் வரும், பயணிகள் அலறுவார்கள். அதன் ஓரத்தில் கட்டும் குடியிருப்பு விலை போகாது. ஓடாமல் நின்றால் மரம் மக்கும். அப்போது பழுதுபார்க்கச் சொல்லி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பவும், அவர் செய்யத் தவறினால் அந்தச் சொத்தையே எடுத்துக்கொள்ளவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆக, பூங்காவின் ஒரு பகுதியை மட்டும் காத்த பட்டியல், முழு நிலத்தையும் விற்கக் கடினமானதாக ஆக்கிவிட்டது.

ஆயினும் பட்டியலிடுதல் ஒரு கட்டுமானத்தை நிற்க வைக்குமே தவிர ஓட வைக்காது. இந்தக் குறையை இயக்கத்தினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பது அவர்கள் அடுத்து எடுத்த முயற்சியிலிருந்து தெரிகிறது. இங்கிலாந்தில் ஓர் இடத்தின் கட்டுமான விண்ணப்பம் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று உள்ளாட்சி வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தின்படியே முடிவு செய்யப்பட வேண்டும். விலகுவதற்கு வலுவான காரணம் வேண்டும். மார்கேட் அடங்கிய தனெட் மாவட்டத்தின் உள்ளாட்சியான தனெட் மாவட்ட மன்றம் தன் உள்ளூர்த் திட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் இயக்கம் அந்த ஆவணத்துக்குள் நுழைந்தது. பூங்காவின் ஈர்ப்பைக் கூட்டும் திட்டங்களுக்கு அனுமதி தரலாம், குறைக்கும் திட்டங்களை எதிர்க்க வேண்டும், பூங்கா முழுவதையும் மேம்படுத்தும் விரிவான ஏற்பாட்டின் பகுதியாக வந்தால் மட்டுமே நிலத்தின் ஒரு சிறு பங்கில் வேறு கட்டுமானத்தை விதிவிலக்காக ஏற்கலாம் என்ற பொருளில் ஒரு கொள்கை 2006இல் ஏற்கப்பட்ட திட்டத்தில் இடம்பெற்றது. கேட்பதற்குச் சலிப்பூட்டும் இந்த மூன்று வரிகள், என் மதிப்பீட்டில், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இயக்கம் பெற்ற மிகப் பெரிய வெற்றி. உள்ளூர்த் திட்டத்தின் மீதான கருத்துக்கேட்புக்கு வந்து உட்காரும் பொதுமக்கள் எந்த ஊரிலும் குறைவு. நிலத்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

அந்தக் கொள்கையில் விட்டுக்கொடுத்தலும் இருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். இயக்கம் ‘ஒரு செங்கல்லும் கூடாது’ என்று நிற்கவில்லை. 2005இல் நிலம் மார்கேட் டவுன் சென்டர் ரீஜெனரேஷன் என்ற நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகு, ஒரு பகுதியில் குடியிருப்பும் மீதியில் பழைய ராட்டினங்களைக் கொண்ட பாரம்பரியக் கேளிக்கைப் பூங்காவும் என்ற யோசனையை இயக்கத்தினர் ஏற்று, புதிய உரிமையாளருடன் பேசவும் செய்தனர். மூடப்பட்ட பூங்காக்களிலிருந்து அரிய ராட்டினங்களை வாங்கியும் கேட்டுப்பெற்றும் சேர்க்கத் தொடங்கினர். சவுத்போர்ட்டிலிருந்தும் ரில் நகரிலிருந்தும் கழற்றப்பட்ட பாகங்கள் மார்கேட்டுக்கு வந்தன. மற்ற ஊர்களின் தோல்வி இந்த ஊரின் திட்டத்துக்குச் சரக்கானது என்பதில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது.

இதற்கிடையே நகரமும் மாறிக்கொண்டிருந்தது. சில மைல் தொலைவில் 2005இல் திறக்கப்பட்ட வெஸ்ட்வுட் கிராஸ் வணிக வளாகம் மார்கேட் கடைத்தெருவின் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டது. டிரீம்லேண்ட் திரையரங்கமும் 2007இல் மூடப்பட்டது. கடைகளே பூட்டிக்கிடக்கும் ஊரின் கடற்கரையில் மேலும் கடைகள் கட்டுவது ஊரை வாழவைக்கும் என்ற வாதம் தானாகவே பலமிழந்தது.

2008: தீயும் நிதி நெருக்கடியும்

2008 ஏப்ரல் 7 அன்று சீனிக் ரயில்வே தீப்பற்றியது. கட்டமைப்பில் ஏறத்தாழ கால் பங்கு அழிந்தது. யாரோ வைத்த தீயாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த உலகளாவிய நிதி நெருக்கடி, வீட்டு விற்பனை லாபத்தைக் கொண்டு பூங்காவைக் கட்டும் எந்த ஏற்பாட்டையும் நம்பத்தகாததாக ஆக்கிற்று. இயக்கம் முடிந்துபோயிருக்க வேண்டிய தருணம் அது.

முடியாததற்குக் காரணம், பாரம்பரியம் என்றால் எது என்ற கேள்விக்கு மர ரோலர் கோஸ்டர் தரும் விசித்திரமான விடை. இவ்வகைப் பாதையில் பலகைகளை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழக்கமான பராமரிப்பு. கருங்கல் கோபுரத்தின் கால் பங்கு இடிந்தால் பழமை அந்த அளவுக்குப் போய்விட்டது என்று வாதிடலாம். பலகை மாற்றிப் பலகை மாற்றியே வாழும் ஒன்றில் மதிப்பு அதன் வடிவமைப்பிலும் இயங்கும் முறையிலும்தான் இருக்கிறது. தீக்குப் பிறகும் பட்டியலிலிருந்து அது நீக்கப்படவில்லை. மாறாக 2011இல் இரண்டாம் தரத்திலிருந்து அதற்கு மேலான ‘இரண்டாம் தர நட்சத்திர’ (Grade II*) நிலைக்கு உயர்த்தப்பட்டது. இங்கிலாந்தின் பட்டியலிடப்பட்ட கட்டுமானங்களில் ஆறு சதவீதத்துக்கும் குறைவானவையே அத்தரத்தில் உள்ளன. கால் பங்கு எரிந்த பொருளுக்குத் தகுதி உயர்வு கிடைத்தது வியப்புக்குரியதே.

அடுத்து வேண்டியிருந்தது பணம். கடலோர நகரங்களைப் பண்பாட்டின் மூலம் மீட்பதற்காக அரசு நடத்திய ‘சீ சேஞ்ச்’ திட்டத்தின் கீழ் 2009 நவம்பரில் 37 லட்சம் பவுண்ட் ஒதுக்கப்பட்டது. பாரம்பரியத்துக்கான லாட்டரி நிதியிலிருந்து சுமார் 30 லட்சம் பவுண்ட் வந்தது. இயக்கத்திலிருந்து உருவான டிரீம்லேண்ட் அறக்கட்டளை திட்டத்தை வகுத்தது. ஆனால் நிலம் அறக்கட்டளையிடம் இல்லை, மன்றத்திடமும் இல்லை. பொதுப்பணம் கையில் இருக்க, செலவழிக்க வேண்டிய மரப்பாதை வேறொருவர் வேலிக்குள் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

நில எடுப்பு

நில எடுப்பு என்றதும் குடியிருப்போரை அகற்றிச் சாலையோ தொழிற்பேட்டையோ அமைக்கும் அதிகாரமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரு ரோலர் கோஸ்டரை ஓட வைப்பதற்காக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது ஒரு மாவட்ட மன்றத்துக்குத் துணிச்சலான செயல்தான். உடன்பாட்டின் மூலம் நிலத்தைப் பெறும் பேச்சுகள் பயனளிக்காத நிலையில் தனெட் மன்றம் 2011இல் நில எடுப்பு ஆணையைப் பிறப்பித்தது. உரிமையாளர் எதிர்த்தார். 2012 ஜனவரியில் பொது விசாரணை நடந்தது; அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அரசு ஆணையை உறுதிப்படுத்தியது. உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் உரிமையாளர் தரப்பின் வழக்குகள் தோற்றன. 2013 செப்டம்பரில் நிலம் மன்றத்தின் கைக்கு வந்தது.

இத்தகைய ஆணை நிலைக்க வேண்டுமானால், தனியார் உரிமையில் தலையிடும் அளவுக்குப் பொதுநலனில் வலுவான தேவை உண்டு என்றும், எடுத்த நிலத்தில் திட்டம் உண்மையிலேயே நிறைவேறும் வாய்ப்பு உண்டு என்றும் காட்ட வேண்டும். முன்னரே கிடைத்திருந்த பட்டியல் தகுதி, உள்ளூர்த் திட்டக் கொள்கை, ஒதுக்கப்பட்ட மானியம், அறக்கட்டளையின் விரிவான வடிவமைப்பு ஆகியவை அந்த விசாரணையில் ஒன்றுக்கொன்று தாங்கி நின்றன. 2003இலேயே யாராவது நில எடுப்பைக் கோரியிருந்தால் இவற்றில் பட்டியலைத் தவிர வேறெதுவும் கையில் இருந்திருக்காது.

ஆனால் இந்த வரிசை பத்து ஆண்டுகளை விழுங்கியது. இடைப்பட்ட காலத்தில் உரிமையாளர் எதையும் செய்யாமல் காத்திருப்பதற்குச் சட்டத்தில் பெரிய தண்டனை இல்லை. இழப்பு எல்லாம் மரத்துக்கும் ஊருக்கும்தான். தாமதத்தின் விலை பின்னர் பொதுப்பணத்திலிருந்து கட்டப்பட்டது: மீட்புப் பணிக்கு ஏறத்தாழ 1.8 கோடி பவுண்ட் செலவானது.

திறப்புக்குப் பின்

வெய்ன் ஹெமிங்வேயின் வடிவமைப்பு நிறுவனம் தீட்டிய தோற்றத்துடன் பூங்கா திறந்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் எந்த ஒன்றுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார்களோ அந்தச் சீனிக் ரயில்வே திறப்பு நாளில் ஓடவில்லை. மீட்டமைக்கப்பட்ட பாதையும் புதிய வண்டிகளும் தயாராகி, அது பயணிகளை ஏற்றியது அக்டோபரில், கோடை முடிந்துவிட்டது. பூங்காவை நடத்திய சாண்ட்ஸ் ஹெரிட்டேஜ் நிறுவனம் அந்த ஆண்டின் இறுதியிலேயே கடன்காரர்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டிய நிலைக்கு வந்து, 2016 மே மாதத்தில் நொடித்த நிறுவனங்களுக்கு நியமிக்கப்படும் நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை.

இதற்கு நடத்தியவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மீட்பின் ஒவ்வொரு கட்டமும் ‘இந்த நிலம் எதற்கு?’ என்ற கேள்விக்கு விடை தேடியது. ‘மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இங்கே யார் வருவார்கள்?’ என்ற கேள்விக்குச் சட்டத்திலோ மானிய விண்ணப்பத்திலோ நேர்மையான விடை எழுதும் இடம் இல்லை. வருகையாளர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதற்கே அந்த விண்ணப்பங்கள் தூண்டுகின்றன. பழைய ராட்டினங்களின் அருங்காட்சியகம் போன்ற பூங்கா என்ற கருத்து நிதி பெறுவதற்கு மிகச் சிறந்தது. இரண்டு பிள்ளைகளுடன் கட்டணம் செலுத்தி நுழையும் குடும்பத்துக்கு அது போதுமா என்பது வேறு விஷயம்.

அதன்பின் அரோகிராஸ் என்ற முதலீட்டு நிதியம் பணம் போட, பூங்கா மறுசீரமைக்கப்பட்டு 2017இல் புதுப்பொலிவுடன் திறந்தது. நுழைவு இலவசமானது, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் கட்டணம். பெரிய இசை நிகழ்ச்சிகள் முக்கிய வருமானமாயின. 2017 ஜூன் 10 அன்று கொரில்லாஸ் இசைக்குழு தன் ‘டீமன் டேஸ்’ விழாவை அங்கே நடத்தியது. இயக்கத்தினர் கற்பனை செய்த பூங்கா இதுதானா என்று கேட்டால், அல்ல. ஆனால் ஐல்ஸின் காலத்திலும் டிரீம்லேண்ட் ராட்டினத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. நடன அரங்கும் திரையரங்கமும் அதைத் தாங்கின. இசைமேடை அந்த வரிசையில்தான் வருகிறது.

2011இல் திறக்கப்பட்ட டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடத்தோடு சேர்த்து டிரீம்லேண்டை மார்கேட்டின் மறுமலர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த மறுமலர்ச்சியோடு லண்டனிலிருந்து வீடு வாங்க வந்தவர்களும் வாடகை உயர்வும் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மார்கேட் அனுபவத்தை வேறு ஊர்களுக்குப் பொருத்திப் பார்க்க விரும்புவோர் கிரேட் யார்மத்தைக் கவனிக்கலாம். அங்குள்ள பிரேக்மேன் ரோலர் கோஸ்டர் 2023இல் இரண்டாம் தரப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மார்கேட்டில் பட்டியலுக்குப் பின் ஓராண்டுக்குள் மூடும் அறிவிப்பு வந்து, பாதை பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. வண்டிகளையும் ஓட்டும் பழக்கத்தையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. கிரேட் யார்மத்திலோ, பலகை மாற்றும் தச்சர்களும் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஆட்களும் சம்பளப் பட்டியலில் இருக்கும்போதே, ஓடிக்கொண்டிருக்கும் பூங்காவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.